என்பும் தசையும் திசையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒருநாள் மாலை எம் விடுதித் தோழர் ஒருவர் பந்தாட்டக் களத்தில் ஓடுங்கால் வழுக்கி விழுந்தார். விழுவோர் யாவரும் தம்மையறியாமற் செய்வது போல அவரும் இடக்கையை நீட்டி நிலத்தில் ஊன்றினார். உடலின் பாரம் முழுவதும் அக்கையின்மீது இறங்கவே உள்ளே எலும்பு முறிந்தது. மருத்துவசாலையில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்து, முறிந்த எலும்பை நேராக வைத்து மாவுக்கட்டு இட்டு அனுப்பினர். மறுநாட் காலையில் அவருடைய ஊருக்குப் புறப்பட்ட ஒருவரிடம் அவர் தந்தையார்க்குக் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயில்பவர் என்னும் பெருமையினால் அக்கடிதம் எழுதும் பொறுப்பு எம்மிடம் வந்தது. "தங்கள் குமாரருக்கு இடக்கை முறிந்தது, மருத்துவம் நன்கு நடைபெறுகின்றது, கவலற்க" என்று எழுதி, பிழை ஒன்றும் இல்லை என மகிழ்ந்து உறையில் இட்டோம்.

மூன்றாம் நாள் விடியற்காலையில் தந்தையார் தம் தமையனாருடன் விடுதிக்கு வந்து சேர்ந்தார். கையில் ஒரு புட்டி எண்ணெயும், தோள் முதல் முழங்கை வரை வைத்துக் கட்டுதற்கு அளவாகச் சீவிய மூங்கிற்பத்தைகளும் இருந்தன. இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை என்பது முகத்தினால் விளங்கிற்று. மகனுடைய கட்டு முன்கையில் இருப்பதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு எம் பக்கம் திரும்பினார். "தம்பி, கை முறிந்தது என்று எழுதினீர்களே, எந்தக் கை?" என்றார். "இடக்கை, ஐயா" என்றோம். "அதைக் கேட்கவில்லை. தோளா, முழங்கையா, மணிக்கட்டா? தோளென்று நினைத்துக்கொண்டு இரவெல்லாம் வந்தோம்" என்றார். எமக்கு மறுமொழி இல்லை.

அருகிற் படுத்திருந்த எம் தோழர், அறிவியல் வகுப்பினர், சிரித்துக்கொண்டே, "தமிழில் அதற்கெல்லாம் சொல் ஏது? கை என்றால் தோள் முதல் விரல்நுனி வரை எல்லாம் கைதான், கால் என்றால் இடுப்பு முதல் பெருவிரல் வரை எல்லாம் கால்தான்" என்றார். கையை முறித்துக்கொண்டவரோடு வாதம் செய்தல் தகாது என்று அப்பொழுது வாளாவிருந்தோம். பின்னர் விடுமுறை நாட்களில் உடற்கூற்று நூல்களைத் தேடிப் படித்ததில் எமக்குக் கிடைத்தவற்றுட் சிலவற்றை ஈண்டு எழுதுகின்றோம்.

முதற்கண் ஒன்று சொல்லவேண்டும். கை என்னும் சொல் நீண்டு கிடப்பது தமிழின் குற்றம் அன்று, பொதுப்பேச்சின் இயல்பு. ஆங்கிலத்திலும் தோள் முதல் மணிக்கட்டு வரையுள்ள பகுதிக்கு ஊரார் வழங்கும் சொல்லை உடற்கூற்றியலார் தோளுக்கும் முழங்கைக்கும் இடைப்பட்ட பகுதிக்கு மட்டும் வரையறுத்துக் கொண்டனர். வரையறை செய்துகொள்வதே சாஸ்திரத்தின் முதல் வேலை. தமிழிலோ வரையறைக்கு வேண்டிய சொற்கள் முன்னமே கிடக்கின்றன. தோள், மேற்கை, முழங்கை, முன்கை, மணிக்கட்டு, உள்ளங்கை, புறங்கை என்றும், தொடை, முழங்கால், கணைக்கால், கெண்டைக்கால், கணுக்கால், குதிகால், உள்ளங்கால், புறங்கால் என்றும் நம் பாட்டிமார் நாள்தோறும் வழங்குகின்றனர். இவற்றை உற்று நோக்கின், மேல், முன், உள், புறம் என்னும் திசைச்சொற்களை அடையாக வைத்தே சில ஆக்கப்பட்டிருத்தல் காணலாம். உடற்கூற்று நூலார் செய்வதும் அதுவேதான்.

ஆயினும் திசைச்சொற்களில் ஓர் இடர் உண்டு. கீழ் என்பதினின்று கிழக்கும், மேல் என்பதினின்று மேற்கும் வந்தன. நம் நாடு மேற்கே மலையால் உயர்ந்து கிழக்கே கடலை நோக்கிச் சரிந்து கிடத்தலின் இப்பெயர்கள் பொருந்தின. மலைக்கு அப்பாலுள்ள மலையாள நாட்டில் நிலம் கிழக்கே உயர்ந்து மேற்கே தாழ்கின்றது; எனினும் அவர்களும் ஞாயிறு எழும் திசையைக் கிழக்கு என்றே வழங்குகின்றனர். சொல் தான் பிறந்த நிலத்தை விட்டு நீங்கி, யாவரும் உடன்பட்ட ஒரு குறியாக நின்றுவிட்டது. மனித உடலுக்கும் அத்தகைய உடன்பாடு ஒன்று வேண்டும். படுத்தவனுக்கு எது மேல்? குப்புறக் கிடப்பவனுக்கு எது முன்? கையை மடக்கித் தலைமேல் வைத்திருப்பவனுக்கு விரல்கள் தோளுக்கு மேலா கீழா?

இவ்வையங்களை நீக்கவே உடற்கூற்றியலார் ஒரு நிலையைக் கற்பித்துக்கொண்டனர். மனிதன் நேரே நிமிர்ந்து நிற்கின்றான். முகமும் கண்களும் முன்னோக்கியுள்ளன. பாதங்கள் நெருங்கி, விரல்கள் முன்னோக்கியுள்ளன. கைகள் இருபுறமும் தொங்குகின்றன. உள்ளங்கைகள் முன்னோக்கி, பெருவிரல்கள் உடலை விட்டு வெளிப்பக்கம் நோக்கியுள்ளன. உண்மையில் அவன் எவ்வாறு கிடப்பினும், அறுவைமேசையிற் குப்புறப் படுத்திருப்பினும், தலைகீழாக நின்றாலும், அவன் இவ்வாறே நிற்கின்றான் என்று கொண்டு பேசவேண்டும். ஆகவே தலை எப்பொழுதும் மேல், பாதம் எப்பொழுதும் கீழ், மார்பு முன், முதுகு பின். உள்ளங்கை முன்புறமும் புறங்கை பின்புறமும் ஆகும். நாற்கால் உயிர்களுக்கு இச்சொற்கள் ஒவ்வா. மாட்டுக்கு மேல் என்றால் முதுகு அன்றோ? ஆதலின் அவற்றிற்குத் தலைப்பக்கம், வாற்பக்கம், முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம் எனக் கூறுவர்.

உள்ளங்கை ஏன் முன்னோக்க வேண்டும் என்று எமக்கு முதலில் விளங்கவில்லை. கையை இயல்பாகத் தொங்கவிட்டால் உள்ளங்கை தொடையை நோக்குகின்றதே. விடை முன்கையின் இரண்டு எலும்புகளில் உள்ளது. உள்ளங்கை முன்னோக்கியிருக்கையில் அவை இரண்டும் தண்டவாளம் போல இணையாக நிற்கும். உள்ளங்கையைப் பின்னோக்கித் திருப்பினால் பெருவிரற் பக்கத்து எலும்பு மற்றதன் குறுக்கே சாய்ந்து வந்து விழும். எது உட்பக்கம், எது வெளிப்பக்கம் என்று சொல்லமுடியாதபடி இரண்டும் பின்னிக்கொள்ளும். இக்குழப்பம் வாராமைப்பொருட்டே அந்நிலை.

உடலின் நடுவே மூக்கு, கொப்பூழ் வழியாக ஒரு தளம் இறக்கினால் அஃது உடலை வலம் இடம் என இரண்டாக்கும். இதற்கு இணையான தளங்கட்கு மேலைநாட்டார் அம்பின் பெயரை இட்டனர். காதிலிருந்து காதுக்கு முடிசூட்டினாற்போல இறங்கி உடலை முன் பின் என வகுப்பது முடியின் பெயர் பெற்றது. மூன்றாவது குறுக்குத்தளம். நடுத்தளத்துக்கு அண்மையிலுள்ளதை நடுப்பக்கம் என்றும், அதனின்று விலகியதைப் புறப்பக்கம் என்றும் கூறுதல் நன்று. பலர் உள், வெளி என்று எழுதுகின்றனர். பழைய ஆங்கில நூல்களிலும் அவ்வாறே இருந்தது. ஆனால் உள் என்பது ஆழத்தையும் குறிக்குமாதலின் பொருள் மயங்கும்: கணைக்காலின் 'உள்ளெலும்பு' என்றால் மற்றோர் எலும்பினுள் புதைந்து கிடப்பது என்று ஒருவன் நினைத்தல் கூடும். அஃது உண்மையில் பெருவிரற் பக்கத்தில், தோலுக்கு அடியிலேயே, கையால் தடவி அறியத்தக்கதாய் நிற்கின்றது. படியிற் காலை இடித்துக்கொண்டவர் யாவரும் அதனை நன்கறிவர்.

வலம் இடம் என்பவை எப்பொழுதும் நோயாளியின் வலமும் இடமுமே, பார்ப்பவருடையவை அல்ல. நூலில் ஒரு படத்தை நோக்கின், படத்திலுள்ளவனுடைய இடக்கை நம் வலக்கைக்கு நேரே தோன்றும். இதனை மறந்து எம் தோழருடைய எக்ஸ்ரே படத்தைச் சாளரத்தொளியில் பிடித்துப் பார்த்து, முறிந்தது வலக்கை என்று அவருக்கே நிறுவ முயன்றவர்களும் எம் விடுதியில் இருந்தனர்.

இனி எமக்கு மிக விருப்பமான இரண்டு சொற்கள்: அண்மை, சேய்மை. இலக்கணம் படித்தவர்க்கு இவை பழகியவை. இகரம் அண்மைச் சுட்டு, அகரம் சேய்மைச் சுட்டு என நாம் இளமையிலேயே கற்றோம். ஆண்டுப் பேசுவோன் இருக்குமிடமே அளவுக்கு முதல். உடற்கூற்றிலோ கையும் காலும் உடலோடு பொருந்தும் மூட்டே முதல். தோள்மூட்டுக்கு நெருங்கியது அண்மை, விலகியது சேய்மை. முழங்கை தோளை நோக்கச் சேய்மையது. மணிக்கட்டை நோக்க அண்மையது. ஆகவே இவை இடப்பெயர்கள் அல்ல, உறவுப்பெயர்கள். ஒருவரே ஒருவர்க்குத் தமையனாரும் மற்றொருவர்க்குத் தம்பியுமாய் இருத்தல் போல. மருத்துவசாலைச் சீட்டில் எம் தோழர்க்கு முறிந்தது 'ஆரையெலும்பின் சேய்மை முனை' என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அவ்வொரு தொடரில் எந்த எலும்பு, எந்த முனை என்பன அடங்கிவிட்டன. எம் கடிதத்திலோ இரண்டும் இல்லை.

அம்முறிவுக்கு ஒரு வரலாறும் உண்டு. நீட்டிய கையை ஊன்றி விழுவோர்க்கு மணிக்கட்டுக்குச் சிறிது மேலே ஆரையெலும்பு முறிந்து, முறிந்த துண்டு பின்புறமாகப் பெயர்தலை 1814ஆம் ஆண்டில் டப்ளின் நகரத்து அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் விளக்கி எழுதினார். இன்றும் அஃது அவர் பெயரால் வழங்குகின்றது. பக்கத்திலிருந்து பார்த்தால் கை முட்கரண்டி போல வளைந்து தோன்றும். அவர் எழுதியது எக்ஸ்ரே கதிர் கண்டுபிடிக்கப்பட்ட 1895க்கு எண்பத்தோராண்டுகள் முன்னர். கண்ணாலும் விரலாலும் மட்டுமே அறிந்ததை, பிறரும் அறியுமாறு சொல்லால் எழுதிவைத்தார்.

அதே 1895ஆம் ஆண்டில் ஜெர்மானிய உடற்கூற்றியலார் சுவிட்சர்லாந்திலுள்ள பாசல் நகரில் கூடி உறுப்புக்களின் பெயர்களை ஒழுங்குபடுத்தினர். ஓர் உறுப்புக்கே நாட்டுக்கொன்று, ஆசிரியர்க்கொன்று எனப் பல பெயர்கள் வழங்கி, மொத்தம் ஏறக்குறைய 50,000 பெயர்கள் குவிந்துகிடந்தன என்பர். அவற்றைக் களைந்து 5,500 அளவினவாக இலத்தீன் மொழியில் நிறுவினர். பின்னர் 1955இலும் 1998இலும் அப்பட்டியல் திருத்தம் பெற்றது. ஆகவே சொற்குழப்பம் தமிழர்க்கு மட்டும் வந்த நோய் அன்று.

வளர்ந்த மனிதனுடைய உடலில் 206 எலும்புகள் உள. பிறந்த குழவிக்கு இதனினும் மிகுதி. வளருங்கால் பல ஒன்றாய்ப் பொருந்திவிடுகின்றன. தலை, முதுகு, மார்பு ஆகிய நடுவுடலில் 80. கைகால்களிலும் அவற்றைத் தாங்கும் தோள் இடுப்புக்களிலும் 126. மணிக்கட்டு முதல் விரல்நுனி வரை ஒரு கையில் 27ம், கணுக்காலின் கீழ் ஒரு பாதத்தில் 26ம் ஆக, மொத்தத்திற் பாதிக்கு மேற்பட்ட 106 எலும்புகள் இரண்டு கைகளிலும் இரண்டு பாதங்களிலுமே அடங்கியுள்ளன என்பது எமக்கு வியப்பாயிருந்தது. பெரிய வேலைக்குப் பெரிய எலும்பு ஒன்று போதும். நுண்ணிய வேலைக்குச் சிறிய எலும்புகள் பல வேண்டும் போலும்.

எலும்புகளின் பெயர்களைப் படிக்குங்கால் பண்டை மேலைநாட்டு வீடு ஒன்றினுள் புகுந்து பார்த்தாற்போலத் தோன்றுகின்றது. முழங்காற்சில்லுக்கு இலத்தீனிற் சிறு தட்டு என்று பெயர். கணைக்காலெலும்புகள் இரண்டனுள் பருத்ததற்குக் குழல் என்றும், மெலிந்ததற்கு ஆடையைச் செருகும் ஊசி என்றும் பெயர். தொடையெலும்பின் தலை பொருந்தும் குழிக்குக் காடிக்கிண்ணம் என்று பெயர். செவியினுள் உள்ள மூன்று சிற்றெலும்புகள் சுத்தி, பட்டடைக்கல், அங்கவடி. இவற்றுள் அங்கவடியே உடலின் மிகச் சிறிய எலும்பு, ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அளவினது. மிகப் பெரியது தொடையெலும்பு. ஒருவன் உயரத்தில் ஏறக்குறையக் காற்பங்கு. கழுத்தின் முதன்முள்ளெலும்பு தலையாகிய உருண்டையைத் தாங்குதலின், வானத்தைத் தோளிற் சுமந்த அட்லசு என்னும் கிரேக்கக் கதைமாந்தன் பெயரைப் பெற்றது. நம் நாட்டிற் பெயரிட்டிருப்பின் ஆதிசேடன் என்றிருப்பர். 'ஆம்' என்று தலையசைத்தல் மண்டையோட்டுக்கும் அவ்வெலும்புக்கும் இடையே நிகழ்கின்றது. 'இல்லை' என்று தலையாட்டுதல் அதற்கும் இரண்டாம் எலும்புக்கும் இடையே நிகழ்கின்றது. இந்நுட்பத்தை அறிந்தபின் வகுப்பில் ஆசிரியர் வினாவுக்குத் தலையாட்டும்போதெல்லாம் எமக்கு நகைப்பு வருகின்றது.

தமிழ்ப்பெயர்களும் அழகிற் குறைந்தவை அல்ல. மார்பின் மேல் இருபுறமும் தோளை நோக்கிச் செல்லும் எலும்புக்கு இலத்தீனர் சிறு திறவுகோல் என்று பெயரிட்டனர். நாம் காறையெலும்பு என்கின்றோம். காறை கழுத்தில் அணியும் அணி. அவ்வணி கிடக்கும் இடத்தே கிடத்தலின் எலும்புக்கும் அப்பெயர் வந்தது. இரண்டனுள் எது சிறந்தது என்று கேட்டால், சார்பின்றிக் கூறினும், காறையே என்போம். விரலால் தொட்டுக்காட்டாமலே இடம் விளங்குகின்றது. கருவில் முதன்முதலாக எலும்பாகத் தொடங்குவனவற்றுள் இஃது ஒன்று; முற்றுவதோ எல்லாவற்றிற்கும் பின்னர், இருபது வயதைக் கடந்து. எம்மனையார்க்கு அஃது இன்னும் முற்றவில்லை. முன்கையின் பெருவிரற் பக்கத்து எலும்புக்கு ஆரை என்று பெயர். ஆரை சக்கரத்தின் ஆரக்கால். இலத்தீனிலும் அப்பொருட்சொல்லே. அதற்குத் துணையாய்ச் சிறுவிரற் பக்கத்தில் நிற்பது அரந்தி. முதுகின் அடியில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றாய்ப் பொருந்தியதைத் திருவெலும்பு என்பது மேலைநாட்டுப் பெயரின் பொருளைத் தழுவியது.

இனி, எம்மை மிகவும் அலைத்த ஒரு சொல்லைப் பற்றிக் கூறவேண்டும். அது நரம்பு. யாழிற் கட்டிய தந்தியும் நரம்பு. மூளையினின்று செய்தி கொண்டு செல்வதும் நரம்பு. மருத்துவசாலையில் இரத்தக்குழாயிற் குத்தும் ஊசியை ஊரார் 'நரம்பு ஊசி' என்கின்றனர். தசையை எலும்போடு பிணைக்கும் வெண்ணிறக் கயிறும் நரம்பு. எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கில், எலும்போடு எலும்பு சேர்ந்தபின் முதலில் நரம்பும், பின்னர் மாம்சமும், அவற்றின்மேல் தோலும் உண்டாயின என்று 37ஆம் அதிகாரத்திற் படிக்கின்றோம். உடற்கூறு கற்பிப்போர் உள்ளிருந்து வெளியே வரும் முறையும் அதுவே. ஆண்டு நரம்பு என்பது தசையின் கயிற்றையே குறிக்கின்றது. யாக்கோபு இரவு முழுவதும் போராடியபின் தொடைச்சந்து தொடப்பட்டு நொண்டினான். அதனால் அவன் வழியினர் அவ்விடத்து நரம்பை உண்பதில்லை. அதனை இடுப்பினின்று தொடையின் பின்புறமாக இறங்கும் பெருநரம்பு என்று யூதர்கள் கொள்கின்றனர். ஒரு வேதாகமத்தினுள்ளேயே ஒரே சொல் இரண்டு பொருள்பட நிற்கின்றது!

இதனைத் தமிழின் வறுமை என்று எம் தோழர் கூறினார். பின்னர் நாம் கண்டது வேறு. கிரேக்க மொழியில் இன்று நரம்புக்கு வழங்கும் சொல்லும் முதலில் தசைக்கயிற்றையும், வில்லின் நாணையும், இசைக்கருவியின் தந்தியையுமே குறித்தது. அரிஸ்டாட்டில் காலம் வரை இவற்றிடையே வேறுபாடு தெளிவாக அறியப்படவில்லை. கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எரோபிலசு, எரசிசுதிராதசு என்னும் இருவர் உடலை அறுத்துப் பார்த்துச் செய்தி கொண்டு செல்வன வேறு, இழுப்பன வேறு என்று கண்டனர். பொருள் பிரிந்த பின்னரே சொல் பிரிந்தது. நாமும் அவ்வாறே பிரித்துக்கொண்டுள்ளோம்: செய்தி செல்வது நரம்பு, தசையை எலும்பிற் பிணைப்பது தசைநாண், எலும்பை எலும்போடு பிணைப்பது பிணைநார், குருதி செல்வது குருதிக்குழாய். நாண் என்னும் சொல் வில்லினின்று வந்தது. இழுத்தால் விறைக்கும் என்பதையும் உடன் உணர்த்துகின்றது.

தசைக்கு இலத்தீனர் இட்ட பெயர் சிற்றெலி என்னும் பொருளது. மேற்கையை மடக்குங்கால் தோலின் கீழ் எலி ஓடுவது போல் அவர்களுக்குத் தோன்றிற்று. தமிழன் காலின் பின்புறத்தைப் பார்த்துக் கெண்டை மீனைக் கண்டான், கெண்டைக்கால் என்றான். நடுவே பருத்து இருமுனையும் ஒடுங்கிய வடிவுக்கு எலியினும் கெண்டையே பொருத்தம் என்பது எம் கருத்து. பெருந்தசைகள் பலவற்றின் பெயர்கள் வடிவாலும் தலைகளின் எண்ணாலும் செயலாலும் வந்தன. தோளைப் போர்த்தது முக்கோணத் தசை. மேற்கையின் முன்புறத்தது இருதலைத் தசை, பின்புறத்தது முத்தலைத் தசை. தொடையின் முன்புறத்தது நாற்றலைத் தசை. தொடையைச் சாய்வாகக் கடந்து செல்லும் மிக நீண்ட தசைக்குத் தையற்காரன் பெயர். சப்பணமிட்டிருந்து தைப்போர் காலை வைக்கும் முறையில் அது தொழிற்படுதலின் என்பர்.

எலும்புகளை அசைக்கும் தசைகள் அறுநூற்றுக்கு மேற்பட்டவை. அவை யாவற்றிற்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: தசை இழுக்கும், ஒருபொழுதும் தள்ளாது. கையை மடக்குவது இருதலைத் தசை சுருங்குதலால். நீட்டுவது அது தள்ளுதலால் அன்று, பின்னுள்ள முத்தலைத் தசை சுருங்குதலால். ஆகவே மடக்குவதும் நீட்டுவதுமாக எதிரெதிரே தசைகள் அமைந்துள்ளன. இருதலைத் தசைக்கு மற்றொரு தொழிலும் உண்டு. அது ஆரையெலும்பைப் பற்றியிருத்தலின், உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பும். வலக்கையால் திருகாணியை முடுக்குவது இதன் வலிமையாலேயே.

கழுத்தில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். வலப்புறம் முகத்தைத் திருப்புக. இடக்காதின் பின்னிருந்து மார்பின் நடுவுக்கு ஓடும் தசை விறைத்து நிற்கும். வலப்புறம் திருப்புவது இடப்புறத் தசை! விரல்களிலோ இன்னும் புதுமை. விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டின் வழியாகச் சென்று விரலெலும்புகளைப் பற்றியிழுக்கின்றன. பொம்மலாட்டத்தில் திரைக்குப்பின் நிற்பவன் நூலை இழுக்கப் பாவை கையசைத்தல் போலவே இது. பெருவிரலையும் சிறுவிரலையும் சேர்த்து மணிக்கட்டைச் சிறிது மடக்கினால் நடுவே ஒரு நாண் எழுந்து நிற்றல் காணலாம். சிலர்க்கு அத்தசை பிறவியிலேயே இல்லை. இல்லாமையால் அவர்க்குக் குறையும் இல்லை. இதனை அறிந்த அன்று எம் விடுதியில் உணவுமணி அடித்தும் ஒருவரும் எழவில்லை. யாவரும் தத்தம் மணிக்கட்டையே நோக்கிக்கொண்டிருந்தனர்.

இச்சொற்களைத் தேடுங்கால் எம் கண்முன் அடிக்கடி வந்து நின்றவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவ ஊழியர். 1822இல் மசாசூசெட்சு நாட்டிற் பிறந்து, 1847இல் யாழ்ப்பாணம் சேர்ந்து, மானிப்பாயில் மருத்துவசாலையும் மருத்துவக் கல்வியும் தொடங்கியவர். முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். பின்னர், கற்றவர் தம் ஊராரிடையே தொண்டுசெய்யத் தமிழே தகுந்தது எனத் தெளிந்து, தமிழிற் கற்பிக்கத் துணிந்தார். நூல் இல்லாமற் கற்பித்தல் எவ்வாறு? ஆகவே தாமும் தம் மாணாக்கருமாக மொழிபெயர்த்தனர். பிரசவ வைத்தியம் 1857இலும், இரண வைத்தியம் 1867இலும், மனுஷ அங்காதிபாதம் 1872இலும், கெமிஸ்தம் 1875இலும் வெளிவந்தன. அங்காதிபாதம் என்பது ஹென்றி கிரே 1858இல் வெளியிட்ட புகழ்பெற்ற உடற்கூற்று நூலைத் தழுவியது. கிரே முப்பத்து நான்காம் வயதிலேயே 1861இல் இறந்தார். அந்நூலின் படங்களை வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் பின்னர்ப் பம்பாய்க்கு வந்து மருத்துவப் பணியில் நெடுங்காலம் இருந்தார். எழுத்தைப் படத்தின் ஓரத்திற் குறியிட்டு வைக்காமல் உறுப்பின்மீதே பெயரைப் பொறித்தது அப்படங்களின் சிறப்பு.

அங்காதிபாதம் என்னும் பெயர் தமிழ் பயின்றார்க்குக் கேசாதிபாதத்தை நினைவூட்டும். கடவுளைப் பாதம் முதல் கேசம் வரையும், மக்களைக் கேசம் முதல் பாதம் வரையும் பாடுவது புலவர் மரபு. மருத்துவ நூலுக்குப் பெயர் வேண்டியவிடத்து அம்மரபின் ஓசையில் ஒரு பெயரை வைத்தவர்க்குத் தமிழ்ச்செவி இருந்தது என்பதில் ஐயமில்லை. தமிழிற் சொல் இருப்பின் அதனையும், இன்றேல் வடசொல்லையும், அதுவும் இயையாவிடத்து ஆங்கிலச் சொல்லைத் தமிழோசைக்கு ஏற்பத் திரித்தும் கொள்ளுதல் அவர் முறை. அவர் வழங்கிய சொற்களுட் பல இன்று வழக்கொழிந்தன. கெமிஸ்தம் என்பதைக் கேட்டு எம் வகுப்பினர் நகைத்தனர். ஆனால் அவரிடம் அறுபதின்மர்க்கு மேற்பட்டோர் மருத்துவம் கற்றுத் தமிழூர்களில் தொழில் செய்தனர் என்பதை நினைக்க, அந்நகைப்பு அடங்கிற்று. 1873இல் தம் நாடு திரும்பி 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று தம் கல்லறையிற் பொறிக்க வேண்டினார். சேலத்தில் 1916இல் இராசகோபாலாச்சாரியார் முதலியோர் அறிவியற் சொற்களுக்கெனச் சங்கம் கண்டபொழுது, அங்காதிபாதம் வெளிவந்து நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

எம் தோழருடைய மாவுக்கட்டை ஆறு வாரங்கழித்து அவிழ்த்தனர். இடமுன்கை வலமுன்கையினும் மெலிந்திருந்தது. தொழிலற்றுக் கிடந்த தசை சுருங்கிவிட்டது. எலும்பு கூடிற்று, தசை மீள்வதற்கு இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று மருத்துவர் கூறி, ஒரு பந்தைக் கையிற்கொண்டு நாள்தோறும் அமுக்கப் பணித்தார். அன்று மாலை தந்தையார்க்கு மற்றொரு கடிதம் எழுதினோம். "தங்கள் குமாரருக்கு இடமுன்கையில், பெருவிரற் பக்கத்து ஆரையெலும்பு, மணிக்கட்டுக்கு இரண்டு விரற்கடை மேலே முறிந்திருந்தது இப்பொழுது கூடிவிட்டது. விரல்கள் ஐந்தும் மடங்கி நீளுகின்றன. மேற்கைக்கும் தோளுக்கும் ஒன்றும் இல்லை" என்பது அதன் வாசகம். எட்டாம் நாள் மறுமொழி வந்தது. மூங்கிற்பத்தைகளை அவரைக்கொடிக்கு ஊன்றிவிட்டதாகத் தந்தையார் எழுதியிருந்தார்.